நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் செத்தவள்

குரும்பலூர்
24.6.2024

கதை எழுதிய டீச்சர் தமிழ்மொழி அவர்களுக்கு,

கொளஞ்சியம்மாள் எழுதுவது. இங்கே வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

என் மகன் வீரமணியின் மகள் கவியா ஒன்பதாவது படிக்கிறாள். பேச்சுப் போட்டியில் உங்கள் 'புழுதிக்காட்டார்' புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். மூன்றே நாளில் படித்துவிட்டு, "அப்பத்தா, இதுல நம்ம ஊரு மாதிரியே ஒரு ஊரு வருது, படிச்சுப் பாரு" என்று என் மடியில் போட்டாள். நான் மூன்றாவது வரைதான். விட்டதை அறிவொளி வகுப்பில் போய்ப் பிடித்தேன். விரல் வைத்துத்தான் படிப்பேன். இருபத்தாறு நாள் ஆனது. ஒரு வரி விடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் சண்டைக்காரி என்பீர்கள். மூன்று தலைமுறையை ஒரே கயிற்றில் கட்டி இழுத்து வந்திருக்கிறீர்கள், எங்கேயும் அறவில்லை. பண்ணைக் கிணற்றில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கும் அந்த அப்பன் மாட்டை அடித்துவிட்டு, பிறகு போய் அதன் நெற்றியைத் தடவிக் கொடுக்கிறானே, அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை. வெங்காயம் சேர்த்து வைக்கும் பட்டறைக்குள் கையை முழங்கை வரை விட்டுச் சூடு பார்ப்பதும் சரி. டவுன் ஆட்கள் எழுதினால் வெங்காயம் மூட்டையில்தான் காய்க்கும்.

இப்போது தப்புகள். படிப்பைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்த மூத்தவள் செங்கா, சிரித்துக்கொண்டே ஆடு ஓட்டிப் போனாள் என்கிறீர்கள். எந்தப் பிள்ளையம்மா சிரித்துக்கொண்டு போகும்? அப்புறம் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளைப் பாம்பு கடித்துக் கொன்றுவிட்டீர்கள். கவியா வகுப்பில் அந்தப் பக்கத்துக்குப் பிள்ளைகள் எல்லாம் அழுதார்களாம். நான் அழவில்லை.

அக்காள் தங்கை இருவருக்கும் சேர்த்து நல்ல பாவாடை ஒன்றுதான். அம்மன் திருவிழாவில் ஒருத்தி பாதி நேரம் பார்த்துவிட்டு வைக்கோல் போருக்குப் பின்னால் வந்து அவிழ்த்துக் கொடுக்க, மற்றவள் கட்டிக்கொண்டு மீதியைப் பார்க்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். பெற்ற தாய்க்கும் தெரியாது.

முன்னுரையில் அம்மாவைப் பெற்ற அம்மாயி சொன்ன கதை என்று போட்டிருக்கிறீர்கள். அந்த அம்மாயி பெயர் கலியம்மாளா? ஆம் என்றால் மட்டும் பதில் போடுங்கள்.

இப்படிக்கு, உங்கள் புத்தகத்தை முழுக்கப் படித்த
கொளஞ்சியம்மாள்

(மேல்விலாசம் மட்டும் கவியா எழுதியது.)

*

கீழப்பழுவூர்
8.7.2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

புத்தகம் வந்து ஒன்றரை ஆண்டில் எனக்குக் கிடைத்த கடிதங்களில் இப்படி ஒன்று இல்லை. இளம் பிள்ளைகளுக்கென்று எழுதிய நாவலை நீங்கள் இருபத்தாறு நாள் விரல் வைத்துப் படித்தீர்கள் என்பதைப் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆம், என் அம்மாயி பெயர் கலியம்மாள்தான். எப்படித் தெரிந்தது? கதையில் பாதிக்கு மேல் அவர் சொன்னவை. அவருடைய அக்காவை உண்மையிலேயே பாம்பு கடித்ததாம், வெங்காயக் கொல்லையில். நான் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பு. இன்றைக்கும் ஆடி அமாவாசைக்கு அக்கா பெயரைச் சொல்லி ஓர் இலை போடுவார். அக்காவுக்குப் பிடிக்கும் என்று அவரைக்காய்ப் பொரியல் கட்டாயம் இருக்கும்.

நீங்கள் அம்மாயிக்கு உறவா, அல்லது அந்தக் காலத்துத் தோழியா? தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்
தமிழ்மொழி

*

குரும்பலூர்
22.7.2024

தமிழ்மொழிக்கு,

கொளஞ்சியம்மாள் எழுதுவது. உடம்பு இருக்கிறபடி இருக்கிறது. நீ சுகம்தானே. இனி உன்னை வாங்க போங்க என்று எழுத மாட்டேன். எனக்கு அந்த உரிமை உண்டு.

செங்கா நான்தான். கண்ணையன் மகள், கலியம்மாளுக்கு நாலு வயது மூத்தவள். என்னை ஒரு பாம்பும் கடிக்கவில்லை. எனக்கு அவரைக்காய் பிடிக்காது. அது அவளுக்குப் பிடித்தது. இத்தனை வருடமாக என் பெயரைச் சொல்லித் தனக்குப் பிடித்ததை ஆக்கித் தின்றிருக்கிறாள்.

நடந்ததைக் கேட்டுக்கொள். மூன்றாவது முழுப்பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா என் சிலேட்டுப் பலகையை வாங்கிப் பரணில் போட்டார். "பண்ணையில ஆடு மேய்க்க ஆள் கேக்குறாங்க, நீதான் பெரியவ" என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் பலகையை மறு வருடம் அவள் தூக்கிக்கொண்டு போனாள். எட்டாவது வரை படித்தாள்.

சரி, அதை விடு. எனக்குக் கல்யாணம் ஆகி, என் கொழுந்தனுக்கே அவளைப் பேசினேன். பரிசம் போட்டாயிற்று. ஆனி மாதம், பந்தக்கால் நட்டாயிற்று. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் உன் தாத்தா சாமிக்கண்ணுவோடு அரியலூர்ப் பக்கம் போய்விட்டாள். அவர் லாரியில் சுமை ஏற்றுகிறவர். அவரைப் பழி சொல்லவில்லை. ஆனால் என் புகுந்த வீட்டில் என் நிலையை யோசித்துப் பார். தண்ணீர்க் குடத்தோடு தெருவில் போனால், "தங்கச்சிய ஓட்டிவுட்டவ போறா பாரு" என்பார்கள். எழுபத்தைந்தாம் வருடம் அது. சொன்னவர்கள் பெயர் எல்லாம் எனக்குத் தெரியும். வரிசையாகச் சொல்வேன்.

அதோடு அவளுக்கும் எனக்கும் பேச்சு நின்றது. அவ்வளவுதான்.

உன் புத்தகம் மறுபடி அச்சாகும்போது என்னை உயிரோடு எழுது. வேறொன்றும் கேட்கவில்லை.

இப்படிக்கு, உயிரோடு இருக்கும்
கொளஞ்சியம்மாள்

*

கீழப்பழுவூர்
7.8.2024

அன்புள்ள பெரியம்மாயிக்கு,

இப்படி அழைக்கலாம் அல்லவா? வணக்கம். உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது வகுப்பறையில் இருந்தேன். பிள்ளைகளைப் பாடத்தை வாசிக்கச் சொல்லிவிட்டு இன்னொரு தடவை படித்தேன். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் போய் அம்மாயிக்குப் படித்துக் காட்டினேன். அவரைக்காய் வந்த இடத்தில் சிரித்தது போல் இருந்தது. முடித்ததும் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். கொஞ்ச நேரம் முன்புதான் காட்டியிருந்தார். நான் பின்னால் போய், "ஏன் அம்மாயி, செத்துட்டாங்கன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன். "மாடு குடிக்குது, சத்தம் போடாத" என்றார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆடி அமாவாசை. அம்மாயி இந்த வருடம் இலை போடவில்லை.

இரண்டாம் பதிப்பு அக்டோபரில் வருகிறது. திருத்தங்களைச் செப்டம்பர் முப்பதுக்குள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். உங்களை உயிரோடு எழுத எனக்கு ஆசைதான். ஆனால் கதை அம்மாயி கொடுத்தது. அவர் 'சரி' என்று சொல்லாமல் நான் கை வைக்க முடியாது. நீங்கள் எழுதாமல் விட்டது ஏதாவது உண்டா, பெரியம்மாயி?

உங்கள் பேத்தி
தமிழ்மொழி

*

குரும்பலூர்
19.8.2024

பேத்தி தமிழ்மொழிக்கு,

இரண்டு நாள் மழை. சோளம் பிழைத்துக்கொண்டது, நானும். நீ வேளைக்குச் சாப்பிடு.

நான் விட்டது ஒன்றும் இல்லை. எனக்கா மறதி? வேண்டுமானால் நீ விட்டதைச் சொல்கிறேன். கதையில் அறுபத்திரண்டாம் வருடம் ஊருக்குள் பஸ் வருகிறது. வரவில்லை. மெயின் ரோடு வரை நடந்துதான் போனோம். பண்ணை வீட்டில் கூலிக்காரப் பிள்ளைகளுக்குக் கொட்டாங்குச்சியில் மோர் ஊற்றினார்கள் என்று எழுதியிருக்கிறாய். மோர் என்பது பெரிய பேச்சு, நீராகாரம். அம்மாவைப் பற்றி எழுதியது மட்டும் குறை இல்லை. குழம்பை வாயில் வைக்காமல் மணத்திலேயே உப்புச் சொல்வாள். அதை உன் அம்மாயி நினைப்பு வைத்திருந்து உனக்குச் சொன்னாளே, அதற்காக ஒரு சண்டையைத் தள்ளுபடி செய்கிறேன். மீதி அப்படியே இருக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மறுபடி படித்தேன். பாம்பு கடித்ததும் தங்கை ஓடி வந்து செங்காவின் காலைத் தன் மடியில் வைத்து, தன் தாவணியைக் கிழித்துக் கட்டுகிறாள். விடியும் வரை காலைக் கீழே இறக்கவில்லை. அது அவள் சொன்னதா, நீயாகப் போட்டதா?

அவளுக்குச் சர்க்கரை இருக்கிறதா? எங்கள் அம்மாவுக்கு இருந்தது. சும்மாதான் கேட்கிறேன்.

கொளஞ்சியம்மாள்

*

கீழப்பழுவூர்
3.9.2024

அன்புள்ள பெரியம்மாயிக்கு,

நலம். அம்மாயிக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். நீங்கள் கேட்டீர்கள் என்று சொன்னேன். "அவளுக்கு இருக்காமா?" என்று திருப்பிக் கேட்டார்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. மடியில் காலை வைத்தது, தாவணி கிழித்தது, விடியும் வரை இறக்காதது எல்லாம் அம்மாயி சொன்னவை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்து ஒரே மாதிரிதான் சொல்வார்.

நேற்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் தாமாகவே பேசினார். "ஏரிக்கரையில என்ன நடந்துச்சுன்னு அவளையே எழுதச் சொல்லு. எழுதினா, அவ உசுரோட இருக்கறதைப் பத்தி யோசிக்கலாம்." என்ன ஏரிக்கரை என்று கேட்டதற்கு, "அவளுக்குத்தான் மறதியே கெடையாதே" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். முப்பதாம் தேதி நினைவிருக்கட்டும்.

தமிழ்மொழி

*

கீழப்பழுவூர்
24.9.2024

அன்புள்ள பெரியம்மாயிக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மாயி வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறார். கேட்டால், கோலம் அழிந்துவிட்டதாம்.

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. நாலு வரி எழுதினால் போதும்.

தமிழ்மொழி

*

குரும்பலூர்
5.11.2024

தமிழ்மொழிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல், காலில் அடி என்று எழுதியிருக்கலாம், நீயும் நம்பியிருப்பாய். எழுதப் பிடிக்காமல்தான் இருந்தேன். நாலு தடவை எழுதி அடுப்பில் போட்டேன். ஐந்தாம் தடவை இது. இதை அவளுக்குப் படி. நடுவில் நிறுத்தாதே.

அவள் போய் ஆறு மாதம் கழித்து, மார்கழியில், காலையில் திரும்பி வந்தாள். ஊருக்குள் வரவில்லை. ஏரிக்கரையில் நின்றுகொண்டு, ஆடு ஓட்டிப்போன மலர்கொடியிடம், "எங்க அக்காவ வரச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள். மலர்கொடி வாய் சும்மா இருக்குமா, தெருவே கூடிவிட்டது. நான் போனேன். பின்னால் இருபது முப்பது பேர்.

கரையில் தனியாக நின்றாள். கையில் ஒரு தூக்குவாளி. என்னைப் பார்த்ததும், "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள்.

ஏரி நிறைந்து கிடந்தது. கட்டின புடவையோடு இறங்கி மூன்று முழுக்குப் போட்டேன். மேலே வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்குத் தங்கச்சி இல்ல, செத்துட்டா, தல முழுவிட்டேன்" என்று சொன்னேன். சாவுக்கு முழுகுகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அதே மாதிரி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.

மாமியார் சொல்லித்தான் செய்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய். அந்த அம்மாள் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை. அவர் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. நானேதான் இறங்கினேன். அத்தனை பேர் முன்னால் என் தலை நிமிர வேண்டும் என்று இறங்கினேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இத்தனை நாள் எழுத வராதது அதுதான். அவளுக்கு வயிறு தெரிந்தது. நாலு மாதம் இருக்கும். நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினேன்.

மார்கழித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. அந்தக் குளிர் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

தேதி போய்விட்டது என்று எனக்குத் தெரியும்.

கொளஞ்சியம்மாள்

*

கீழப்பழுவூர்
14.11.2024

அன்புள்ள பெரியம்மாயிக்கு,

வணக்கம். அம்மாயி வயிற்றில் அப்போது இருந்தது என் அம்மா வளர்மதி. இப்போது அரியலூர் டவுனில் நர்ஸ். நன்றாக இருக்கிறார்.

இரண்டாம் பதிப்பு அக்டோபரிலேயே வந்துவிட்டது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் மாறவில்லை. என்னை மன்னியுங்கள். கடைசி நாள் மாலை வரை காத்திருந்தேன்.

நீங்கள் சொன்னபடி நிறுத்தாமல் படித்தேன். முடித்ததும் அம்மாயி, "வயித்தைப் பாத்தேன்னா எழுதியிருக்கா? அந்த எடத்தை இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். "அவ பாக்கலன்னுதான் இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். மூன்று நாள் கழித்து என்னிடம் பேனா கேட்டார். அவர் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் படிக்கவில்லை, மடித்தபடியே வைத்தேன்.

தமிழ்மொழி

*

அக்காளுக்கு,

கலியம்மாள் எழுதுவது. எனக்குச் சர்க்கரை, கண்ணில் புரை. மற்றபடி இருக்கிறேன். உனக்கு முழங்கால் வலி என்று பிள்ளை சொன்னாள். வேப்பெண்ணெய் தேய்.

என்னைப் பேத்தி கேட்டாள், ஏன் செத்துவிட்டாள் என்று சொன்னீர்கள் என்று. அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். சாவு இல்லாமல் யாரும் தலை முழுகுவதில்லை. நீ மூன்று முழுக்குப் போட்டுவிட்டாய். நம் இரண்டு பேரில் ஒருத்தி செத்துத்தான் ஆக வேண்டும். எனக்கு வயிற்றில் பிள்ளை, நான் சாக முடியாது. அதனால் உன்னைச் சாக வைத்தேன்.

எப்படிச் சாக வைப்பது என்று ரொம்ப நாள் யோசித்தேன். நெருப்புக்கு மனம் வரவில்லை. கிணற்றுக்கும் வரவில்லை. நல்ல பாம்பு கடித்தால் தூக்கம் வருகிற மாதிரி போய்விடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதைத்தான் உனக்குக் கொடுத்தேன். பக்கத்தில் யாராவது இருக்கட்டும் என்று என்னையும் அங்கே வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத் தூக்குவாளியில் இருந்தது சீனிப் பணியாரம். பிள்ளை உண்டான சேதியைச் சொல்ல வந்தேன். போகும்போது அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரோ குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். வயிற்றைப் பார்த்தாய் என்று தெரிந்த பிறகு புதிதாகவும் வந்திருக்கிறது. ஆனால் ஒன்று யோசித்தேன். சாவுக்கு முழுகினவர்களைக் காரியம் முடிந்ததும் உறவுமுறை உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து முழுக வைப்பார்கள். அப்போதுதான் தீட்டுப் போகும். தீபாவளிக்கு நீ எத்தனையோ தடவை முழுகியிருப்பாய். அது கணக்கில் வராது. அந்த முழுக்குக்கு உனக்கு யாரும் எண்ணெய் வைக்கவில்லை. யார் வைப்பது? செத்தவளும் நான்தான், உறவும் நான்தான்.

29ஆம் தேதி வெள்ளிக்கிழமை. வந்தால் வா.

கலியம்மாள்

*

குரும்பலூர்
21.11.2024

தங்கச்சி கலியம்மாளுக்கு,

கொளஞ்சி எழுதுவது. நலம். நீ நலமா என்று கேட்டு எழுதுகிறேன். உனக்கு இப்படி ஒரு வரி எழுதி எனக்குப் பழக்கம் இல்லை.

பேத்தியைப் புத்தகத்துக்காக வருத்தப்பட வேண்டாம் என்று சொல். மூன்றாம் தடவை அச்சானாலும் மாற்ற வேண்டாம். செங்கா அப்படியே சாகட்டும். விடியும் வரை ஒருத்தி மடியில் காலை வைத்துக்கொண்டு சாகிறவளுக்கு என்ன குறை. நான் செய்ததற்கு அந்தச் சாவு அதிகம். அந்தப் பக்கத்தை இன்னும் எத்தனை பிள்ளைகள் படித்தாலும் படிக்கட்டும்.

வீரமணி பைக்கில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். கவியா கூட வருகிறேன் என்றாள். அவளுக்குப் பரீட்சை. காலை ஏழு மணி பஸ்ஸில் பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர், அப்புறம் உங்கள் ஊர். கேட்டு வைத்துக்கொண்டேன். தனியாகத்தான் வருவேன். நீயும் அன்றைக்குத் தனியாகத்தான் வந்தாய்.

ஒன்று சொல்கிறேன், கேள். நான் வந்து நிற்கும்போது நீ ஒன்றும் பேசாதே. வா என்றும் சொல்லாதே, உட்கார் என்றும் சொல்லாதே. நீ வாய் திறந்தால் நான் ஏதாவது பதிலுக்குச் சொல்லிவிடுவேன். என் வாய் உனக்குத் தெரியும். மணையைப் போட்டு எண்ணெயை வை. சீயக்காயைத் தேய். முதல் சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்று. கண், மூக்கு, வாய் எல்லாம் தண்ணீரும் சீயக்காயுமாக இருக்கும்போது எது எதற்காக வழிகிறது என்று யாருக்கும் தெரியாது.

அப்போது பேசு.

உன் அக்கா
கொளஞ்சி